சேத்துப்பட்டு பட்டாகுமா?

வாக்காளர் பட்டியலிலோ தேர்வு முடிவிலோ ஒரு பெயரைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். பெயரைத் தட்டச்சு செய்து தேடச் சொன்னால், ‘இல்லை’ என்று கணினி கையை விரித்துவிடும். நம்பிக்கை இழக்காமல் பட்டியலை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால், அதே பெயர் நடுவில் எங்கோ தெளிவாக நின்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு ஏன் தெரியவில்லை?

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கேட்டது ஒன்று, வந்து குவிவது வேறொன்று. திருவண்ணாமலை மாவட்டத்து ஜவுளிக் கணக்கு ஒன்றில் ‘பட்டு’ என்று தேடிப் பாருங்கள். பட்டுப்புடவைகள் வரும். கூடவே சேத்துப்பட்டுக்குப் போன லுங்கியும், முள்ளிப்பட்டுக்குப் போன துண்டும், செங்கல்பட்டுக்குப் போன போர்வையும் வரிசையாக வந்து நிற்கும். ஊர்ப்பெயரின் வாலில் ‘பட்டு’ இருப்பதால் லுங்கி பட்டாகிவிடுமா? நமக்கு இது கேள்வியே இல்லை. கணினிக்கு இதுதான் பெரிய கேள்வி.

இருப்பதைக் காணாமல் விடுவது, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது: இந்த இரண்டு பிழைகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த வேரைத் தேடி ஆரணிக்குப் போவோம்.

கணினி படிப்பது எதை?

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணி, தறிச் சத்தத்தில் விழிக்கும் ஊர். காஞ்சிபுரத்துப் புடவையைவிட எடை குறைந்த, தினசரி விசேஷங்களுக்கும் கட்டிக்கொள்ளத் தோதான பட்டுப்புடவைக்குப் பேர்போனது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதாவது ‘ஆரணிப் பட்டு’ என்ற பெயருக்கே சட்டப்படி ஒரு மதிப்பு இருக்கிறது. பெயருக்கு மதிப்பு இருக்கும் இடத்தில், அந்தப் பெயரைக் கணக்கில் சரியாகப் பிடிப்பதும் முக்கியமாகிவிடுகிறது.

‘பட்டு’ என்ற சொல்லில் நமக்குத் தெரிவது மூன்று எழுத்து: ப, ட், டு. கணினிக்குள் அது ஐந்து எண்களாக இருக்கிறது: 2986, 2975, 3021, 2975, 3009. முதல் எண் பகரம், இரண்டாவது டகரம், மூன்றாவது புள்ளி, நான்காவது மறுபடியும் டகரம், ஐந்தாவது உகரக் குறி. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துவைத்திருக்கும் யூனிகோட் முறையில் தமிழுக்குக் கிடைத்த எண்கள் இவை.

‘பட்டு’ எங்கே இருக்கிறது என்று கேட்டால், இந்த ஐந்து எண்கள் இதே வரிசையில் அடுத்தடுத்து வரும் இடங்களைக் கணினி காட்டுகிறது. சேத்துப்பட்டின் கடைசி ஐந்து எண்களும் அவையேதான். புழு நூற்ற இழையும் தெரியாது, ஊரும் தெரியாது; எண் வரிசை ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

காணாமல் போகும் பெயர்களின் மர்மமும் இங்கேயே அவிழ்கிறது. ‘பட்டு’ என்று எழுதிவிட்டுத் தெரியாமல் இடைவெளிப் பட்டையை ஒரு முறை தட்டிவிட்டால், ஆறாவதாக 32 என்ற எண் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். நெசவாளர்கள் சொல்லும் ‘கோர்வை’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதலெழுத்தான ‘கோ’வை 2965, 3019 என்று இரண்டு எண்ணாலும் எழுதலாம், 2965, 3015, 3006 என்று இரட்டைக்கொம்பையும் காலையும் பிரித்து மூன்று எண்ணாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே ‘கோ’தான். அச்சில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இப்படிப் பல வடிவில் இருப்பதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குச் சீராக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நல்ல மென்பொருள்கள் அதைச் செய்துவிட்டுத்தான் ஒப்பிடும். எல்லா மென்பொருளும் செய்வதில்லை.

சல்லடையும் அதன் கண்ணும்

ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுப்பதை அலுவலகங்களில் ‘ஃபில்டர்’ போடுவது என்கிறார்கள். நாம் சல்லடை என்போம். எதைத் தங்கவைப்பது, எதைக் கீழே விடுவது என்று அந்தச் சல்லடைக்குச் சொல்லும் வாசகம்தான் சூத்திரம்.

சொற்களைச் சலிக்க இரண்டு வகைக் கண்கள் உண்டு. ஒன்று முழுப்பொருத்தம்: வரியில் இருப்பதும் கேட்டதும் முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை ஒன்றாக இருக்க வேண்டும். மற்றொன்று உட்பொருத்தம்: கேட்டது வரிக்குள் எங்காவது இருந்தால் போதும். எக்செலில் சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போடுகிறார்களே, அது இந்த இரண்டாவது வகை.

முழுப்பொருத்தத்தின் கண் மிகச் சிறியது. நல்ல மணியையும் தடுத்துவிடும். உட்பொருத்தத்தின் கண் மிகப் பெரியது, கல்லையும் விட்டுவிடும். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். நம் மொழியில் சொல்லோடு சொல் சேரும்போது நடுவில் ஓர் ஒற்று முளைக்கும்: பட்டுப்புடவை, பட்டுச்சேலை. வேற்றுமை உருபு ஏறினால் சொல்லின் வாலே மாறும். ‘காஞ்சிபுரம்’ என்று தேடினால் ‘காஞ்சிபுரத்தில்’ அகப்படாது. மகர மெய் அங்கே தகரமாகிவிட்டது. வடக்கே புடவை என்பதைத் தெற்கே சேலை என்கிறோம். இவையெல்லாம் மொழியின் வளம். சல்லடைக்கு இவை அத்தனையும் தனித்தனிச் சொற்கள்.

பன்னிரண்டு வரி ஏடு

ஒரு கடையின் ஒரு நாள் விற்பனை ஏட்டை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நானே எழுதிய ஏடு. ஆனால் இதிலுள்ள எழுத்து வகைகள் ஒவ்வொன்றையும் கடைக் கணக்குகளைப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

1. ஆரணி பட்டுப்புடவை – ரூ. 9,000
2. ஆரணி பட்டுப் புடவை – ரூ. 8,500
3. ஆரணிப் பட்டு – ரூ. 11,000
4. ஆர்னி சில்க் – ரூ. 7,500
5. ஆரணி பட்டுச்சேலை – ரூ. 10,000
6. ஆரணி பட்டுப்புடவை (முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி) – ரூ. 9,500
7. காட்டன் சேலை, சேத்துப்பட்டு ஆர்டர் – ரூ. 1,200
8. ஆரணி ஆர்ட் சில்க் – ரூ. 1,800
9. காஞ்சிபுரம் பட்டுப்புடவை – ரூ. 22,000
10. பட்டு வேட்டி, ஆரணி – ரூ. 6,000
11. ஆரணி ப.பு. – ரூ. 8,000
12. லுங்கி, ஆரணி–சேத்துப்பட்டு பார்சல் – ரூ. 1,500

கேள்வி ஒன்றே ஒன்று: இன்று ஆரணிப் பட்டுப்புடவை எத்தனை விற்றது, எவ்வளவு தொகைக்கு?

கடையில் வேலை பார்ப்பவர் ஏட்டைப் பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்வார். 1 முதல் 6 வரை ஆறு வரிகள், ‘ப.பு.’ என்றால் பட்டுப்புடவை, ஆகவே 11-ஆம் வரியும் சேர்த்தி. மொத்தம் 7 புடவை, ரூ. 63,500. எட்டாவது வரியில் இருப்பது செயற்கை இழைப் புடவை என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போது சல்லடை. ‘ஆரணி பட்டுப்புடவை’ என்று முழுப்பொருத்தம் கேட்டால் பெரும்பாலான மென்பொருள்களில் முதல் வரி மட்டும் தேறும். ஒரு புடவை, ரூ. 9,000. ஆறாவது வரியை ஒற்றை இடைவெளி கெடுத்துவிட்டது.

சரி, ‘ஆரணி’யும் இருக்க வேண்டும், ‘பட்டு’ம் இருக்க வேண்டும் என்று உட்பொருத்தம் கேட்போம். 1, 2, 3, 5, 6, 10, 12 ஆகிய ஏழு வரிகள் வருகின்றன. எண்ணிக்கை ஏழு! கடைக்காரர் சொன்ன அதே ஏழு. ஆனால் உள்ளே பாருங்கள். பத்தாவது வரி வேட்டி. பன்னிரண்டாவது லுங்கி, சேத்துப்பட்டின் தயவில் பட்டாகி வந்திருக்கிறது. உண்மையான புடவைகளான 4, 11 இரண்டும் வெளியே நிற்கின்றன. தொகை ரூ. 55,500 என்று வருகிறது. 8,000 ரூபாய் குறைவு.

பிழையான சூத்திரம் எப்போதும் பிழையான எண்ணைத்தான் தரும் என்று நம்பியிருப்போம். தவறாக உள்ளே வந்தவை இரண்டு, தவறாக வெளியே போனவை இரண்டு. ஒன்றை ஒன்று சரிக்கட்டி, எண்ணிக்கை யோக்கியமாகத் தோன்றுகிறது. விடை பொருந்துகிறது என்பதால் வழியும் சரி என்று முடிவு கட்டக்கூடாது. எந்த வரிகள் வந்தன என்று ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

அல்லது, அல்லது, அல்லது

பிழை தெரிந்ததும் எல்லோரும் செய்வது, சூத்திரத்தில் ஒட்டுப் போடுவது. ‘சில்க்’ விட்டுப்போயிற்றா, ஓர் ‘அல்லது’ சேர். ‘ப.பு.’ விட்டுப்போயிற்றா, இன்னோர் ‘அல்லது’. வேட்டி புகுந்துவிட்டதா, ஒரு ‘கூடாது’. நாலைந்து ஒட்டுக்குப் பிறகு சூத்திரம் இப்படி நிற்கும்:

விவரத்தில் ‘பட்டு’ அல்லது ‘சில்க்’ அல்லது ‘ப.பு.’ இருக்க வேண்டும். அத்துடன் ‘ஆரணி’ அல்லது ‘ஆர்னி’ இருக்க வேண்டும். ‘ஆர்ட்’ கூடாது, ‘வேட்டி’ கூடாது, ‘சேத்துப்பட்டு’ கூடாது.

எட்டு நிபந்தனை. நம் பன்னிரண்டு வரிக்கு இது சரியான விடையைத் தரும்: 7 புடவை, ரூ. 63,500. நிம்மதி ஒரு நாளைக்குத்தான். மறுநாள் ‘ஆரணி பட்டுப்புடவை, சேத்துப்பட்டு ஆர்டர்’ என்று ஒரு வரி வந்தால், அசல் புடவையை இந்தச் சூத்திரமே வெளியே தள்ளிவிடும். ‘ஆரணி பட்டுப் பாவாடை’ வந்தால் புடவை என்று சேர்த்துக்கொள்ளும்.

அடைப்புக்குறி விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். ‘பட்டு அல்லது சில்க், அத்துடன் ஆரணி’ என்று குறி போடாமல் எழுதினால், பெரும்பாலான கணினி மொழிகள் ‘அத்துடன்’ என்பதைத்தான் முதலில் கட்டும். அதாவது ‘ஆரணி’ என்ற நிபந்தனை ‘சில்க்’கோடு மட்டும் சேர்ந்துகொள்ளும், ‘பட்டு’ தனியே நின்று எந்த ஊர்ப் பட்டையும் உள்ளே இழுக்கும். ஒன்பதாவது வரியின் காஞ்சிபுரம் புடவை 22,000 ரூபாயோடு வந்து உட்கார்ந்துவிடும். ஓர் அடைப்புக்குறியின் விலை அது.

மதுரையில் பிறந்தவரின் விதி

‘கூடாது’ என்பதில்தான் மிக அதிகமானவர்கள் இடறுகிறார்கள். வேட்டியும் லுங்கியும் வேண்டாம் என்று நினைக்கும் ஒருவர், ‘வேட்டி இல்லாதது அல்லது லுங்கி இல்லாதது’ என்று எழுதுகிறார். என்ன நடக்கும்? வேட்டி வரியில் லுங்கி இல்லை; ஆகவே அது தேறிவிடும். லுங்கி வரியில் வேட்டி இல்லை, அதுவும் தேறிவிடும். ஏட்டின் பன்னிரண்டு வரியும் அப்படியே வரும். சல்லடையில் கண்ணே இல்லாமல் வெறும் வளையம் மட்டும் மிஞ்சியது போல.

இதற்கு விதி வகுத்தவர் நம் மண்ணில் பிறந்தவர். அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், 1828-இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியரானார். முன்னோர் சொற்களில் அறிந்திருந்த ஓர் உண்மையைக் கணிதத்தின் கறாரான வடிவத்துக்குக் கொண்டுவந்ததால் அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. ‘இதுவோ அதுவோ’ என்பதை மறுத்தால் ‘இதுவும் இல்லை, அதுவும் இல்லை’ என்று ஆகும். ‘இதுவும் அதுவும் சேர்ந்து’ என்பதை மறுத்தால் ‘இது இல்லை, அல்லது அது இல்லை’ என்று ஆகும். மறுக்கும்போது ‘அல்லது’வும் ‘அத்துடன்’னும் இடம் மாறிக்கொள்கின்றன.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. விருந்துக்குப் போன வீட்டில், “காபியோ டீயோ வேண்டாங்க” என்று ஒருவர் சொல்கிறார். “காபியும் வேண்டாம், டீயும் வேண்டாங்க” என்று மற்றொருவர் சொல்கிறார். இரண்டுக்கும் ஒரே பொருள் என்பதில் எந்த வீட்டுக்காரருக்கும் சந்தேகம் வராது. ஓகாரம் மறுப்பில் உம்மையாக மாறுவதை நம் நாக்கு அறிந்தே வைத்திருக்கிறது. சூத்திரம் எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம். ஆகவே ‘கூடாது’ என்று எழுத வேண்டி வரும்போதெல்லாம் முதலில் அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘உம்’ வந்தால் ‘அத்துடன்’. ‘ஓ’ வந்தால் அதை ‘உம்’ ஆக்கிக்கொண்டு எழுதுங்கள்.

இந்த விதியின் பயன், சிக்கலான மறுப்புகளைப் பிரித்துச் சிறியதாக்குவது. ஆனால் ஒரு விதியால் சூத்திரத்தைச் செம்மையாக்கலாமே தவிர, ‘ப.பு.’ என்றால் என்ன என்று அதற்குச் சொல்லித்தர முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

தறியில் ஏறும் அட்டை

ஆரணித் தறியருகே போய் நின்று மேலே பாருங்கள். தறியின் தலைக்கு மேல் ஒரு ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளைபோட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துத் தொங்கும். ஊடை ஒவ்வொரு முறை பாய்வதற்கு முன்னும் ஓர் அட்டை முன்வந்து நிற்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்து, அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி தடைபட்டு, இழை கீழேயே தங்கும். எழுந்த இழைகளுக்கும் தங்கிய இழைகளுக்கும் நடுவே நாடா ஓடும். ஒவ்வோர் அட்டையும் ஒரு சல்லடைதான்: இந்த இழை வா, அந்த இழை இரு.

பிரான்சின் லியோன் நகரில் 1804 வாக்கில் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய பொறி இது. இதன் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. பூவும் அன்னமும் மாங்காயும் எந்த இழையில் எழ வேண்டும் என்ற அறிவு, தறியிலிருந்தும் நெய்பவரின் நினைவிலிருந்தும் வெளியே வந்து அட்டையில் உட்கார்ந்தது. முந்தியின் வடிவத்தை மாற்ற வேண்டுமானால் தறியைப் பிரிக்க வேண்டியதில்லை. அட்டையை மாற்றினால் போதும். ஓர் அட்டையில் பிழை இருந்தால் அந்த ஓர் அட்டையைத் திருத்தலாம். அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் பயன்படுத்தியதும் துளைபோட்ட அட்டைகளைத்தான். தரவைச் சலிக்கும் எந்திரங்களின் வம்சத்தில் தறிக்கும் இடம் உண்டு.

நம் எட்டு நிபந்தனைச் சூத்திரம், பூவேலையைத் தறியின் மரச்சட்டத்திலேயே செதுக்கிவைத்தது போன்றது. அதை அட்டைக்கு மாற்ற வேண்டும்.

அடையாளப் பட்டியல்

வழி எளிது. இரண்டு பத்தி கொண்ட ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள். இடப்பக்கம், ஏட்டில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே. வலப்பக்கம், அதன் உண்மையான பெயர். இதை அடையாளப் பட்டியல் என்று அழைப்போம்.

‘ஆரணி பட்டுப்புடவை’ என்றால் ஆரணிப் பட்டுப்புடவை. ‘ஆர்னி சில்க்’ என்றாலும் ஆரணிப் பட்டுப்புடவை. ‘ஆரணி ப.பு.’ என்றாலும் அதுவே. ‘ஆரணி ஆர்ட் சில்க்’ என்றால் செயற்கை இழைப் புடவை. ‘லுங்கி, ஆரணி–சேத்துப்பட்டு பார்சல்’ என்றால் லுங்கி. இப்படியே பன்னிரண்டு வரிக்கும். பட்டியல் போடுவதற்கு முன் ஓரத்து இடைவெளிகளை நீக்கிச் சீராக்கிவிட்டால் 1-உம் 6-உம் ஒன்றாகிவிடும். பதினோரு வரி போதும்.

இப்போது சூத்திரம் என்ன? ‘உண்மைப் பெயர் = ஆரணிப் பட்டுப்புடவை.’ ஒரே நிபந்தனை, அதுவும் முழுப்பொருத்தம். விடை 7, ரூ. 63,500. ஒட்டும் இல்லை, ‘கூடாது’வும் இல்லை.

வேலையை வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறோமே தவிரக் குறைக்கவில்லையே என்று கேட்கலாம். பெரிய கணக்கில் உண்மையிலேயே குறைகிறது. விற்பனை ஏட்டில் ஒரு லட்சம் வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டு நிபந்தனையையும் ஒவ்வொரு வரியிலும் சோதித்தால் எட்டு லட்சம் சோதனை. ஆனால் அந்த ஒரு லட்சம் வரியில் வெவ்வேறாக எழுதிய விவரங்கள் 300 மட்டுமே என்றால், அந்த 300-க்கு ஒரு முறை அடையாளம் சொன்னால் போதும். பவர் பிஐ போன்ற மென்பொருள்கள் உள்ளுக்குள் இதே தந்திரத்தைத்தான் கையாளுகின்றன. ஒரு பத்தியில் வரும் வெவ்வேறு சொற்களை ஒரே ஒரு முறை அகராதி போலச் சேமித்துக்கொண்டு, வரிகளில் அந்தச் சொல்லுக்கான எண்ணை மட்டும் வைத்துக்கொள்கின்றன.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. நாளை யாரோ ‘ஆரணி சாஃப்ட் சில்க் புடவை’ என்று புதிதாக எழுதுகிறார். பழைய சூத்திரம் அதை எதையும் சொல்லாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும், அல்லது எதையும் சொல்லாமல் விட்டுவிடும். எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அடையாளப் பட்டியலோ, ‘இது என் பட்டியலில் இல்லை’ என்று வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு நிற்கும். வெறுமையான இடங்களைத் தினமும் எண்ணிப் பார்த்தால் போதும், புதுச் சொல் ஒன்றுகூடத் தப்பாது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் சூத்திரமே நம்பத் தகுந்த சூத்திரம். எளிமைக்காக நாம் படும் பாட்டின் உண்மையான பலன் இதுதான்.

இரண்டு ஆரணி, ஆறு இலக்கம்

பட்டியலைச் சரிசெய்தாயிற்று. ‘ஆரணி’ என்ற சொல்லையாவது நம்பலாமா?

தமிழ்நாட்டில் இன்னோர் ஆரணி இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணி ஆற்றின் கரையில் இருக்கும் பேரூராட்சி அது. ஆந்திரத்தில் பிறந்து ஊத்துக்கோட்டை வழியாக வந்து வங்கக் கடலில் சேரும் அந்த ஆற்றுக்கும் பட்டு நெய்யும் ஆரணிக்கும் தொடர்பு இல்லை. ‘ஆரணி ஆற்றில் வெள்ளம்’ என்ற செய்தியை ஊர்ப்பெயரால் சலித்தால், அது கமண்டல நாகநதிக்காரர்களின் கணக்கில் ஏறிவிடும். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்திலும் ஆர்னி என்று ஓர் ஊர் உண்டு. ‘ஆரணி ரோடு’ என்ற ரயில் நிலையமோ களம்பூரில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்து ஆவணங்களில் நம் ஊர் ‘ஆர்னீ’. மாவட்டப் பெயரைச் சேர்த்துச் சலிக்கலாம் என்றால், 1989-க்கு முந்தைய ஆவணங்களில் மாவட்டம் வட ஆற்காடு; பிரிந்த பிறகு சில ஆண்டுகள் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்; அதன்பின் வெறும் திருவண்ணாமலை.

ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊருக்குப் பல பெயர், ஒவ்வொருவர் கையெழுத்திலும் ஒவ்வொரு மொழி. இந்திய அஞ்சல் துறைக்கு இது தினசரித் தலைவலி. கடிதத்தைப் பிரிக்கும் ஊழியர் ஒவ்வொருவரும் தம் நினைவில் ஒரு பெரிய ‘அல்லது’ சூத்திரத்தைச் சுமந்துகொண்டிருந்தார். அதற்குத் தீர்வாக 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. வடிவமைத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அஞ்சல் தந்தித் துறையின் உயர் அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞர். முதல் இலக்கம் நாட்டின் பெரும் பகுதியைச் சொல்லும். ஆறு என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தெற்கு. முதல் மூன்று இலக்கம் சேர்ந்து கடிதம் பிரிக்கும் வட்டாரத்தைச் சொல்லும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம்.

பட்டு ஆரணியின் எண் 632301. திருவள்ளூர் ஆரணியின் எண் 601 என்று தொடங்கும். ஆரணி, ஆர்னி, ஆர்னீ என்று எப்படி எழுதினாலும் எண் ஒன்றுதான். அஞ்சல் துறை அன்று செய்ததும் அடையாளப் பட்டியல்தான், நாடு முழுவதற்குமாக.

ஜவுளிக் கணக்கிலும் அப்படி ஓர் எண் வந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து சரக்குகளுக்குக் குறியீட்டு எண் எழுதுகிறார்கள். பட்டில் நெய்த துணிக்கு 5007. செயற்கை இழைத் துணிகள் வேறு எண்ணில் போகும். எனவே ‘சில்க்’ என்ற சொல்லை நம்பி ஆர்ட் சில்க்கைப் பட்டோடு சேர்க்கும் பிழை அங்கே குறையும். ஆனால் எந்த எண்ணும் தன்னிடம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். 5007 வரிக்காகப் பிறந்த எண். அது பட்டா என்று சொல்லும். ஆரணியில் நெய்ததா காஞ்சிபுரத்தில் நெய்ததா என்று சொல்லாது. அதை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்.

மூன்றாவது வரி

இப்போது அந்த மூன்றாவது வரிக்கு வருவோம். ‘ஆரணிப் பட்டு – ரூ. 11,000.’ இதைப் புடவை என்று சேர்த்துக்கொண்டோம். எதை வைத்து? வரியில் புடவை என்ற சொல்லே இல்லை. வேட்டியாக இருக்கலாம். பாவாடைத் துணியாக இருக்கலாம். விலையைப் பார்த்து ஊகிக்கலாம், ஊகம் சூத்திரமாகாது. எவ்வளவு நுணுக்கமான நிபந்தனை எழுதினாலும், எழுத்தில் இல்லாத ஒன்றை எழுத்திலிருந்து வடித்தெடுக்க முடியாது.

அதை விற்றவருக்குத் தெரியும். ‘ஆரணிப் பட்டு என்று நான் எழுதினால் புடவைதான், வேட்டி என்றால் வேட்டி என்றே எழுதுவேன்’ என்று அவர் சொல்வார். ‘ப.பு.’ என்பது பட்டுப்புடவை என்று அவர்தான் சொன்னார். எட்டாம் வரி அசல் பட்டு இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். சூத்திரத்துக்குள் ‘அல்லது’களாக நாம் அடைத்துவைத்த அத்தனையும் உண்மையில் அவருடைய அறிவு. அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில், அவர் திறந்து பார்க்க முடியாத இடத்தில் அது கிடந்தது. தவறாக எழுதியிருந்தாலும் அவரால் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடையாளப் பட்டியலை அவர் முன் வைத்தால் படிப்பார். இரண்டே பத்தி, தமிழில். ஏழாவது வரியில் விரல் வைத்து, ‘இது தப்பு’ என்பார். புது ஆள் வேலைக்கு வந்தால் அந்தத் தாளைக் காட்டியே பழக்குவார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் ‘ப.பு.’ என்றால் என்ன என்று கடைக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் கணக்கில் பத்து ‘அல்லது’ கொண்ட ஒரு சூத்திரம் இருந்தால், இன்றைக்கே அதைப் பிரித்து ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிப் பாருங்கள். பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அந்தச் சரக்கைக் கையால் தொட்டு விற்கும் ஒருவரிடம் போங்கள். மூன்றாவது வரியில் அவர் என்ன எழுதச் சொல்கிறாரோ, அதை எழுதுங்கள்.